வாசலுக்கு எந்த மந்தாரை?



குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டாங்க: "நர்சரியில மூணு வித மந்தாரை இருக்கே, எதை வாங்குறது?" கேட்டது நல்லதாப் போச்சு. ஏன்னா நானே இதில் தவறியவள். வீட்டுச் சுவரிலிருந்து 3 அடி தள்ளி ஊதா மந்தாரை வைத்தேன். சில வருஷத்தில் கிளை கரண்ட் கம்பியைத் தொட்டது. பூத்து நின்ற மரத்தை வெட்ட வேண்டியதாயிற்று.

இடம் சின்னதாக இருந்தால் வெள்ளை மந்தாரை போதும். 6 முதல் 10 அடிக்குள் நிற்கும் செடி அது. ஆனால் மர வகையிலும் வெள்ளைப் பூ உண்டு. அதனால் "செடியா, மரமா?" என்று கேட்டே வாங்குங்கள்.

மர வகை 20, 30 அடி போகும். சுவர், கம்பி இரண்டிலிருந்தும் 15 அடி தள்ளி நடணும். இதில் ஒன்று ஐப்பசி, கார்த்திகையில் இலையோடு பூக்கும். இன்னொன்று இலை உதிர்ந்து, மாசி பங்குனியில் வெறுங்கிளையில் பூக்கும். பட்டுப்போச்சுன்னு வெட்டிடாதீங்க!

காசு கொடுத்து வாங்காமலும் வளர்க்கலாம். காய் பழுப்பானதும், வெடிக்கும் முன் பறித்து, விதையை ஒரு ராத்திரி ஊறவைத்துப் பையில் ஊன்றுங்கள். மழை தொடங்கும்போது 2 அடி குழியில் மக்கிய சாணம் போட்டு நடலாம். தண்ணீர் தேங்கும் இடம் வேண்டாம், வேர் அழுகிடும்.

ஆட்டுக்கு இந்த இலை ரொம்பப் பிடிக்கும். கன்று வளரும்வரை முள் கட்டி வையுங்கள். மரமான பிறகு கழிக்கிற கிளையை அதே ஆட்டுக்குப் போடலாம்.