மின்கிதாரும் ஓசைச் சிதைவும்

இசைக்கருவியின் ஓசையைக் கெடுப்பதற்கென்றே ஒரு கருவி செய்து விற்கின்றனர் என்றால், அறியாதார் நகைப்பர். மின்கிதார் வாசிப்போர் காலடியில் வைத்து மிதித்தியக்கும் டிஸ்டார்ஷன் பெடல் அத்தகையதே. 1961ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸ் பாடலொன்றில், ஒலிப்பதிவுக் கருவியின் பழுதினால், கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிதார் கரகரத்து ஒலித்தது. கேட்டோர் அதனை வெறுத்திலர். அடுத்த ஆண்டிலேயே அக்கரகரப்பைத் தருதற்கென மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்னும் பெடல் விற்பனைக்கு வந்தது.

இதன் தொழிற்பாடு எளிது. கம்பியதிர்வால் எழும் மின்னலையை மிகப் பெருக்கி, அதன் முகட்டையும் அகட்டையும் வெட்டிவிட, முன்னில்லாத மேற்சுரங்கள் பல தோன்றுகின்றன; ஒலியும் செறிந்து நீடிக்கின்றது. மெல்ல வெட்டுவதை ஓவர்டிரைவ் என்றும், கடிது வெட்டுவதை டிஸ்டார்ஷன் என்றும், அலை ஏறத்தாழச் சதுரமாகும்படி வெட்டுவதை ஃபஸ் என்றும் வழங்குவர். ஜப்பானில் தோன்றிய ஐபனேஸ் டியூப் ஸ்கிரீமர் (1979) முதல்வகைக்கும், பாஸ் டிஎஸ்-1 (1978) இரண்டாம் வகைக்கும், லண்டனில் தோன்றிய ஃபஸ் ஃபேஸ் (1966) மூன்றாவதற்கும் சான்றாம்.

பெடல் வாங்கப் புகும் இளைஞர் பெரும்பாலும் கரகரப்பின் மிகுதியையே நோக்குகின்றனர். யாமோ, அஃது இடையொலியை யாது செய்கின்றது என்பதனையே முதற்கண் நோக்குக என்போம். குழுவாக வாசிக்குங்கால் கீழொலியைப் பேஸ் கிதாரும் பெருமுழவும் கொள்ளும். மேலொலியைச் சிம்பல் தட்டுகள் கொள்ளும். கிதாருக்கு எஞ்சியது இடையொலியே. எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் கம்பெனியாரின் பிக் மஃப் பெடலோ அவ்விடையொலியைத் தாழ்த்துவது. கடையில் தனித்து வாசிக்கையில் அது கடல்போல் முழங்கும். மேடையில் பிற கருவிகளோடு சேர்ந்தவுடன் வாசிப்பவனுக்கே கேளாது. கைப்பொருளெல்லாம் கொடுத்து வாங்கிய மாணவன் அப்போது படும் பாடு சொல்லுந்தரமன்று. டியூப் ஸ்கிரீமர் இதற்கு மறுதலை. அது கீழொலியைக் குறைத்து, வினாடிக்கு 700 அதிர்வுகளையடுத்த இடையொலியை உயர்த்தும். தனியே கேட்பார்க்கு மூக்கடைத்தாற்போலத் தோன்றுமாயினும், குழுவில் அதுவே தெளிந்து கேட்கும்.

இரண்டனைச் சேர்க்குமிடத்து முறைவைப்பே பெரிது. டியூப் ஸ்கிரீமரை டிஎஸ்-1க்கு முன் வைத்து, சிதைவுக் குமிழைக் குறைத்து ஒலிக் குமிழைக் கூட்டினால், கீழொலி முன்னரே குறைந்து செல்லுதலின் பின்னது குழம்பாது ஒலிக்கும். பிக் மஃபுக்குப் பின் வைப்பின், அதனால் இழந்த இடையொலி ஓரளவு மீளும். இரு பெடல்களின் சிதைவையும் முழுதும் திருப்பி வைத்தல் வீண். வெட்டுண்ட அலையை மேலும் வெட்டுவதால் இரைச்சலே மிகும். ஃபஸ் ஃபேஸ் மட்டும் கிதாரையடுத்தே நிற்றல் வேண்டும். அவ்வாறு நிற்பின், கிதாரின் ஒலிக் குமிழைச் சிறிது தணித்தாலே கரகரப்பு நீங்கித் தெளியும். இடையே பஃபர் என்னும் சுற்றுடைய பெடல் புகுமாயின் அந்நயம் கெட்டு ஓசை வறண்டுவிடும். பாஸ் பெடல்கள் பலவற்றில், அணைத்திருக்கும்போதும் அச்சுற்று இயங்குவதை மறத்தலாகாது.

பல சுரங்களை ஒருங்கே மீட்டுவோர்க்கு இன்னும் ஒன்றுண்டு. ஒருங்கே வெட்டப்படும் சுரங்கள், தம் அதிர்வெண்களின் கூட்டலும் கழித்தலுமாகிய புதிய ஒலிகளை ஈனும். சட்சமும் பஞ்சமமும் மட்டுமாயின் இவை அவற்றோடு இயைந்து நிற்கும். காந்தாரத்தையும் சேர்ப்பின் குழப்பம் மிகும். குரல், இளி எனத் தமிழிசை நூல்கள் கூறும் அவ்விரண்டையே கடுஞ்சிதைவில் வாசிப்போர் பெரிதும் கையாளுதல் இதனாலேயாம். முழுச் சுரக்கோவை வேண்டும் பகுதிகளில் ஓவர்டிரைவ் ஒன்றையே மிதித்து, மற்றதைத் தனிச்சுரங்களுக்கு ஒதுக்கலாம்.