கெடாததை ஏன் மாற்ற வேண்டும்?

‘ஓடுகிற வண்டியில் கை வைக்காதே’ என்பது பழகிப்போன அறிவுரை. சோம்பேறியின் சாக்கு என்று அதைத் தள்ளிவிட முடியாது. அதன் பின்னால் அறிவியல் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டன் விமானப் படையின் கடலோரப் பிரிவில், 50 மணி நேரப் பறப்புக்கு ஒருமுறை விமானங்களைப் பிரித்துச் சோதிப்பது வழக்கம். உயிரியலாளர் சி.எச். வாடிங்டனும் அவர் குழுவினரும் அந்தப் பழுதுக் கணக்குகளை அலசியபோது விசித்திரமான ஒன்று தெரிந்தது. எதிர்பாராத பழுதுகள் சோதனை முடிந்த கையோடு அதிகமாக வந்தன. நாள் போகப் போகக் குறைந்தன. நன்றாக இருந்ததைக் கழற்றி மாட்டியதே பழுதை வரவழைத்திருந்தது. 1978இல் யுனைட்டெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நௌலன், ஹீப் இருவரும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு அளித்த அறிக்கை இன்னும் ஒரு படி மேலே போனது. வயது கூடக் கூடப் பழுதாகும் தன்மை விமானப் பாகங்களில் சுமார் 11 சதவீதத்துக்குத்தான் இருந்தது. மீதி 89 சதவீதத்தை ‘இத்தனை மணி நேரம் ஆனதும் மாற்று’ என்று விதி போட்டு மாற்றுவதில் லாபமில்லை.

ஆகவே, எட்டுப் பத்து வயதான காரின் குளிர்விப்பு அமைப்பை, ஒரு சொட்டுக்கூட ஒழுகாத நிலையிலேயே மாற்றிவிடுங்கள் என்று சொல்பவர் முதலில் இந்தச் சான்றுகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பதில் இருக்கிறது. முன்கூட்டியே மாற்றுவது எப்போது லாபம் என்பதற்குப் பார்லோ, ஹன்டர் என்ற ஆய்வாளர்கள் 1960இல் கணித வடிவம் கொடுத்தார்கள். அதன் சாரம் இரண்டு நிபந்தனைகள். ஒன்று, பாகம் மூப்படைய வேண்டும். அதாவது, பழுதாகும் வாய்ப்பு வயதோடு ஏற வேண்டும். ஏறாவிட்டால் பழையதும் புதியதும் ஒன்றுதான், மாற்றுவது வீண். இரண்டு, கெட்ட பிறகு ஆகும் செலவு, கெடுமுன் மாற்றும் செலவைவிட மிக அதிகமாக இருக்க வேண்டும். கையோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்: கெடப்போவதை அந்தப் பாகம் முன்கூட்டிக் காட்டிக்கொடுக்கக் கூடாது. காட்டிக்கொடுத்தால் காத்திருந்தே மாற்றலாமே. காரில் இந்த மூன்றும் ஒருசேரப் பொருந்தும் இடங்கள் சில மட்டுமே. ரேடியேட்டரும் அதைச் சார்ந்த ஹோஸ், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், கூலன்ட் தொட்டி ஆகியவையும் அவற்றில் முக்கியமானவை.

இந்த அமைப்பின் வேலைப்பளுவை முதலில் பார்ப்போம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில், 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் பெட்ரோல் குடிக்கும் கார், ஏறத்தாழ 64 கிலோவாட் ஆற்றலை எரிக்கிறது. அதில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடைப்பட்ட வெப்பத்தைக் கூலன்ட்தான் சுமந்து வெளியேற்றுகிறது. அதாவது சுமார் 16 முதல் 21 கிலோவாட். தண்ணீரும் எத்திலீன் கிளைக்காலும் பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் சாதாரணக் காற்றழுத்தத்தில் சுமார் 107 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். அதனால்தான் குக்கர் வெயிட்டைப் போல ஒரு வில் மூடியைப் போட்டு, உள்ளே சுமார் ஒரு வளிமண்டல அளவுக்குக் கூடுதல் அழுத்தம் ஏற்றுகிறார்கள். கொதிநிலை 125 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. இதனால் ஓட்டும் ஒவ்வொரு முறையும் ஹோஸும் தொட்டியும் மூட்டுகளும் சூடேறி விம்முகின்றன, நிறுத்தியதும் ஆறிச் சுருங்குகின்றன. பத்தாண்டில் இது ஆயிரக்கணக்கான முறை நடக்கிறது.

இதைத் தாங்குவது எது? முன்பு ரேடியேட்டர்கள் செம்பும் பித்தளையுமாக இருந்தன. ஓட்டை விழுந்தால் ஈயம் பற்றவைத்து ஓட்டலாம். 1970களுக்குப் பிறகு எடையும் விலையும் குறைந்த அலுமினியக் கூடும், அதன் இரு முனைகளிலும் ரப்பர் வளையம் வைத்து மடக்கி இறுக்கிய பிளாஸ்டிக் தொட்டிகளும் வந்தன. பிளாஸ்டிக் என்றால் பெரும்பாலும் கண்ணாடி இழை கலந்த நைலான். வலுவான பொருள்தான்; ஆனால் வெந்நீரும் கிளைக்காலும் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக வெட்டிக்கொண்டே இருக்கின்றன. சங்கிலி குட்டையாகக் குட்டையாக, வளைந்து கொடுத்த பொருள் நொறுங்கும் பொருளாகிறது. வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் வேதிவினை ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது வேதியியலின் தோராய விதி. ஆகவே இது தற்செயலாக வரும் பழுதன்று. கடிகாரம் வைத்தாற்போல் வரும் மூப்பு. விமான ஆய்வில் சிறுபான்மையாக நின்ற அந்த 11 சதவீதத்தின் குணம் இதுதான். முதல் நிபந்தனை இங்கே நிறைவேறுகிறது.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, 1998 முதல் 2006 வரை வந்த பி.எம்.டபிள்யூ 3 வரிசையின் ஈ46 தலைமுறைக் கார்கள். எரிபொருளை மிச்சப்படுத்த, மிதமான ஓட்டத்தில் இன்ஜினைக் கூடுதல் சூட்டிலேயே வைத்திருக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டுத் தெர்மோஸ்டாட் அவற்றில் இருந்தது. கூலன்ட் தொட்டி, ரேடியேட்டர் கழுத்து, ஹோஸ் இணைப்பிகள் எல்லாமே பிளாஸ்டிக். இன்ஜினின் இயந்திரப் பாகங்கள் பல லட்சம் கிலோமீட்டர் உழைக்க, அதைக் குளிர்விக்கும் தொட்டி அதில் ஒரு சிறு பங்கு தூரத்திலேயே விரிசல் விட்டது. 60,000 மைல், அதாவது ஒரு லட்சம் கிலோமீட்டரை ஒட்டி முழுத் தொகுதியையும் மாற்றிவிடும் பழக்கம் அந்தக் கார்களின் உரிமையாளர்களிடையே பரவியது. அதை மூடநம்பிக்கை என்று சொல்ல முடியாது. பொருளறிவியல் சொல்வதை அவர்கள் அனுபவத்தில் கண்டுகொண்டார்கள்.

இரண்டாவது நிபந்தனை, கெட்டால் ஆகும் செலவு. கூலன்ட் முழுவதும் வடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 18 கிலோவாட் வெப்பம் 100 கிலோ அலுமினியத்தில் தேங்கினால், நிமிடத்துக்குச் சுமார் 12 டிகிரி ஏறும் என்கிறது எளிய கணக்கு. அது சராசரிதான்; நெருப்பை ஒட்டியிருக்கும் சிலிண்டர் ஹெட்டில் ஏற்றம் இன்னும் வேகமாக இருக்கும். ஒரே சூட்டுக்கு அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரிகிறது. 60 சென்டிமீட்டர் நீள ஹெட் 80 டிகிரி சூடேறினால் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். போல்ட்டுகள் அதைப் பிடித்து வைத்திருப்பதால், அளவு மீறிய சூட்டில் நீள முடியாமல் நெளியும். பல தயாரிப்பாளர்கள் ஹெட்டின் பரப்பில் அனுமதிக்கும் நெளிவோ 0.1 மில்லிமீட்டருக்குள். அதைத் தாண்டினால் ஹெட் கேஸ்கெட் போய்விடும். சூடு 200 டிகிரியைத் தாண்டி நீடித்தால் வெப்பப் பதம் கொடுத்த அலுமினியக் கலவை வலுவிழக்கும். பிளாக்கும் அலுமினியமாக இருந்தால் ஹெட் போல்ட்டின் மரைகளே பிய்ந்துவரும். சில ஆயிரம் ரூபாய்த் தொட்டியில் விழுந்த விரிசல், காரின் விலைக்கே சமமான செலவில் முடியலாம்.

‘அப்படியானால் அடிக்கடி சோதித்துப் பார்த்து, தேவைப்படும்போது மாற்றினால் போதாதா?’ நியாயமான கேள்வி. வாட்டர் பம்ப் விஷயத்தில் ஓரளவு பொருந்தவும் செய்யும்: அதன் சீல் தேயும்போது கசிவுத் துளை வழியே ஈரம் காட்டும், பேரிங் முனகும். நைலான் அப்படியில்லை. கைப் பம்பால் அழுத்தம் ஏற்றிச் சோதித்தால் இன்றைய கசிவு தெரியும். நாளைய பிளவு தெரியாது. ரப்பர் ஹோஸ் இன்னும் மோசம். கூலன்ட், உலோக முனை, ரப்பரில் கலந்த கரி ஆகிய மூன்றும் சேர்ந்து நுண்ணிய மின்கலமாகி, ஹோஸை உள்ளிருந்து, அதுவும் கிளாம்புக்கு அருகில், கீறிக்கொண்டு போகும். வெளித்தோல் பளபளப்பாகவே இருக்கும். சரி, டேஷ்போர்டில் வெப்பமானி இருக்கிறதே என்றால், பல கார்களில் அந்த முள் உண்மையான வெப்பநிலையைக் காட்டுவதில்லை. ஈ46இல் சுமார் 75 டிகிரியிலிருந்து 110 டிகிரிக்கு மேல் வரை முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருந்தார்கள். சென்சார் அளப்பது கூலன்ட்டின் சூட்டைத்தான்; கூலன்ட் வடிந்துவிட்டால் அது ஆவியிலும் காற்றிலும் நின்றுகொண்டு, உலோகம் வேகும்போது குறைத்துக் காட்டக்கூடும். மட்டம் குறைந்தால் எரியும் விளக்கு மெதுவான கசிவுக்கு நல்ல காவல். தொட்டி பிளந்தால், விளக்கைக் கவனித்து ஓரங்கட்ட ஓட்டுநருக்குக் கிடைப்பது ஓரிரு நிமிடம்.

‘எது போகிறதோ அதை மட்டும் மாற்றிக்கொண்டு போகலாமே’ என்பது அடுத்த வாதம். இந்த அமைப்பு ஒரு தொடர். எந்தக் கண்ணி விட்டாலும் எல்லாம் வெளியே கொட்டும். பத்துப் பாகங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் அடுத்த இரண்டாண்டு தாங்க 95 சதவீத வாய்ப்பு என்று எடுத்துக்கொள்வோம். தனித்தனியே பார்த்தால் எல்லாமே நம்பகமானவை. பத்தும் தாங்க வேண்டும் என்றால் 0.95ஐப் பத்து முறை பெருக்க வேண்டும். வருவது 60 சதவீதம். அதாவது, பத்துக்கு நான்கு வண்டிகள் எங்காவது நின்றுவிடும். புதிய மூடி முழு அழுத்தத்தைப் பிடித்து நிறுத்துவதால், அடுத்துத் தளர்ந்திருக்கும் பழைய தொட்டி பிளக்கவும் கூடும். ஒவ்வொரு முறையும் கூலன்ட்டை வடித்து, நிரப்பி, காற்றுக் குமிழ் போக்கும் கூலி வேறு.

செலவுக் கணக்கில்தான் பலரும் சறுக்குகிறார்கள். முன்கூட்டியே மாற்றும்போது நாம் இழப்பது பாகத்தின் முழு விலையை அல்ல. அதில் மிச்சமிருந்த ஆயுளை மட்டுமே. எடுத்துக்காட்டாக, 40,000 ரூபாய்த் தொகுதி பத்தாண்டு உழைக்கும், அதை எட்டாம் ஆண்டே மாற்றுகிறோம் என்றால், வீணாவது இரண்டாண்டு ஆயுள், 8,000 ரூபாய். இன்ஜின் வெந்தால் கூடுதலாக 2 லட்சம் ஆகும் என்றால், அந்த இரண்டாண்டில் இன்ஜின் வேகும் வாய்ப்பு 4 சதவீதத்தைத் தாண்டினாலே முன்கூட்டி மாற்றுவது லாபம். மேலே கண்ட 40 சதவீதத்தில் பத்தில் ஒன்று மட்டும் இன்ஜினைத் தொட்டாலே அந்த 4 சதவீதம் வந்துவிடுகிறது. வண்டியை இழுத்துச் செல்லும் செலவையும், நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு நிற்கும் அவதியையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை. இதே கணக்கு எதிர்த்திசையிலும் பேசும்: அடுத்த ஆண்டே விற்கவோ உடைக்கவோ போகும் காருக்கு இந்தச் செலவு தேவையில்லை.

வாடிங்டன் எழுப்பிய கேள்வி இன்னும் மிச்சமிருக்கிறது: கழற்றி மாட்டுவதே பழுதைக் கொண்டுவராதா? வரலாம். மலிவான போலித் தொட்டி, இன்னும் ஆயுள் மிச்சமிருக்கும் அசலைவிட ஆபத்தானது. கிளாம்பைச் சரியாக இறுக்காமல் விடுவதும், உள்ளே காற்றை அடைத்துவிடுவதும் புது வினைகள். எனவே தரமான பாகங்களை வாங்கி, குமிழ் போக்கி, முதல் சில வாரங்கள் இன்ஜின் ஆறிய பிறகு கூலன்ட் மட்டத்தைப் பார்த்துவர வேண்டும். ஆனால் பொருத்துவதில் வரும் பிழைகள் பெரும்பாலும் தொடக்கத்திலேயே, கவனித்துக்கொண்டிருக்கும்போதே வெளிப்படும். மூப்பால் வரும் பிளவோ, நாம் மறந்திருக்கும் நாளில் வரும். நம் ஊர் வழக்கம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். கூலன்ட்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டும் காருக்கு எட்டாண்டுக் கணக்கு பொருந்தாது. அரிப்புத் தடுப்பான் இல்லாத உப்புத் தண்ணீர் அலுமினியத்தை அரித்து, குழல்களில் படிந்து, மூப்பை முன்னதாகவே கொண்டுவந்துவிடும்.

டைமிங் பெல்ட்டை, அது அறுவதற்கு முன்பே, குறித்த தூரத்தில் மாற்றுகிறோம். அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதும் என்று தெரிந்திருப்பதால், ‘ஓடுகிறதே’ என்று யாரும் வாதாடுவதில்லை. ரேடியேட்டருக்கும் தொட்டிக்கும் ஹோஸுக்கும் அப்படியொரு தூரம் பெரும்பாலான கையேடுகளில் இல்லை; அதனால்தான் அவை சாகாவரம் பெற்றவை போல நடத்தப்படுகின்றன. மின்னணுப் பெட்டிகளையும் மற்ற சென்சார்களையும் கெடும்வரை விட்டுவைப்பதே அறிவு; அங்கே பழைய அறிவுரை வெல்கிறது. மூத்து நொறுங்குகிற, சொல்லாமல் போகிற, போகும்போது இன்ஜினையும் கூட்டிக்கொண்டு போகிற பாகங்களை அந்த அறிவுரையிலிருந்து விலக்கிவைக்க வேண்டும். எட்டாண்டோ ஒரு லட்சம் கிலோமீட்டரோ, எது முன்னதாக வருகிறதோ, அப்போது ஒரே நாளில் அத்தனையையும் மாற்றிவிடுவதே சிக்கனம்.