கரும்பலகை வரை நடக்கும் உரிமை: தொடக்கப்பள்ளிக் கணக்கு வகுப்பில் யார் பேசுகிறார்கள்?

பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் அம்பேத்கர் மாணவராக இருந்தபோது நடந்த நிகழ்ச்சி ஒன்றை, அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய தனஞ்செய் கீர் பதிவு செய்திருக்கிறார். ஒரு கணக்கைச் செய்துகாட்டும்படி ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு அழைக்கிறார். உடனே வகுப்பில் கூச்சல் எழுகிறது. சாதி இந்து மாணவர்கள் தங்கள் உணவுப் பாத்திரங்களைக் கரும்பலகைக்குப் பின்னால் வைத்திருந்தனர். அவர் பலகையை நெருங்குவதற்குள் ஓடிச் சென்று அவற்றை அப்புறப்படுத்தினர்.

தீண்டாமை குறித்த உரைகளில் இந்நிகழ்ச்சி பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. சொல்லும்போதெல்லாம் நாம் சோற்றுப் பாத்திரங்களையே கவனித்து வந்திருக்கிறோம். அந்த மாணவர் எதற்காக எழுந்து நடந்தார் என்பது நம் கண்ணில் படுவதில்லை. தன் சிந்தனையை வகுப்பு முழுவதும் பார்க்கும்படி எழுதிக் காட்டுவதற்காக நடந்தார். கணக்கு வகுப்பில் ஒரு மாணவர் பெறக்கூடிய மிகப் பெரிய வாய்ப்பு அதுவே. இக்கட்டுரை அந்த வாய்ப்பைப் பற்றியது.

இன்று பாத்திரங்களை யாரும் நகர்த்துவதில்லை. ஆயினும் ஒரு தொடக்கப்பள்ளியின் கணக்கு வகுப்பில் ஒரு வாரம் அமர்ந்து, யார் கரும்பலகைக்கு அழைக்கப்படுகிறார்கள், யாரிடம் விடை மட்டும் கேட்கப்படுகிறது, யாரிடம் 'எப்படிச் செய்தாய்?' என்ற கேள்வியும் கேட்கப்படுகிறது என்று குறித்து வைத்தால், அக்குறிப்பு அந்த ஊரின் வரைபடத்தைப் போலவே இருப்பதற்கு நிறைய வாய்ப்புண்டு. கணக்கில் சாதி இல்லை என்று சொல்லிவிடுவது எளிது. எண்களுக்குச் சாதி இல்லைதான். எண்களைப் பற்றிப் பேச அனுமதிக்கப்படுபவர் யார் என்பதில் இருக்கிறது.

மாணவர்கள் தாமே சிந்தித்து, தமக்குள் விவாதித்துக் கணக்கைக் கற்க வேண்டும் என்பது புதிய கருத்தன்று. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டச் சட்டகத்துக்காகக் கணிதக் கல்வி குறித்து ஆராய்ந்த குழுவுக்குச் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த இரா. இராமானுஜம் தலைமை வகித்தார். விதிகளை மனப்பாடம் செய்விப்பதை விட, குழந்தையின் சிந்தனையையே கணிதமயமாக்குவது நோக்கமாக இருக்க வேண்டும் என்று அக்குழு கூறியது. சிறு தொழிற்சங்கக் கூட்டத்தில்கூடப் பேச்சுரிமைக்காகச் சண்டையிடும் நாம், இவ்வளவு காலமாகியும் இக்கருத்தை ஒரு சமத்துவக் கோரிக்கையாகக் கையில் எடுக்கவில்லை.

இத்தகைய விவாதம் நடைமுறையில் எப்படி இருக்கும்? மூன்றாம் வகுப்பில் 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொல்வதாக வைத்துக்கொள்வோம். வழக்கமான வகுப்பில் ஆசிரியர் ஒரு முறையைச் செய்துகாட்டுவார். குழந்தைகள் அதைப் பார்த்து எழுதுவர். சரி, தவறு என்று குறி விழும். அதோடு முடிந்தது. விவாத வகுப்பில் ஆசிரியர் கணக்கை மட்டும் எழுதிவிட்டுக் காத்திருக்கிறார். பின்னர் குழந்தைகள் சொல்லும் விடைகளையெல்லாம் முகத்தில் எந்தக் குறிப்பும் காட்டாமல் பலகையில் எழுதுகிறார்: 35, 25, 19. எது சரி என்று அவர் சொல்வதில்லை. ஒவ்வொரு விடைக்கும் எப்படி வந்தாய் என்று கேட்கிறார்.

35 என்ற குழந்தை, "பெரிய எண்ணுல இருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்கணும், அதனால ஏழுல இருந்து ரெண்டைக் கழிச்சேன்" என்று சொல்லக்கூடும். இதைக் கவனமில்லாத குழந்தையின் பிழை என்று ஒதுக்க இயலாது. ஆசிரியர் முன்பு சொன்ன ஒரு விதியை அக்குழந்தை உண்மையாகவே பின்பற்றியிருக்கிறது. 25 என்ற குழந்தை, கடையில் சில்லறை திருப்பித் தரும் முறையில், இருபத்தேழோடு மூன்று சேர்த்தால் முப்பது, அதோடு இருபது சேர்த்தால் ஐம்பது, மேலும் இரண்டு என்று ஏறிச் சென்றிருக்கும். 19 என்ற குழந்தையின் வழிதான் மூன்றிலும் சுவையானது. 27ஐக் கழிப்பது கடினம் என்று 30ஐக் கழித்து 22ஐ அடைந்திருக்கிறது. அதுவரை அருமையான சிந்தனை. அதன்பின் மூன்றைக் கூட்ட வேண்டுமா, கழிக்க வேண்டுமா என்னுமிடத்தில் கழித்துவிட்டது. இப்போது வகுப்பின் முன் ஒரு நல்ல கேள்வி நிற்கிறது: நாம் எடுக்க வேண்டியதைவிட மூன்று அதிகமாக எடுத்துவிட்டோம், அந்த மூன்றை என்ன செய்வது? இதை விவாதித்து முடிவுக்கு வரும் எட்டு வயதுக் குழந்தைகள் கழித்தல் என்றால் என்ன என்பதை அறிந்துகொள்கிறார்கள். 35உடன் 27ஐக் கூட்டினால் 62 வருகிறதே, 52 வரவில்லையே என்று வேறொரு குழந்தை சொல்லும்போது, விடையைச் சரிபார்க்கும் அதிகாரம் ஆசிரியரின் சிவப்பு மையிலிருந்து அவர்கள் கைக்கு வந்துவிடுகிறது.

பழைய முறையில் இதையே 'பக்கத்தில் கடன் வாங்கி'க் கழிக்கச் சொல்வோம். வட்டிக்கு வாங்கிய கடனை அடைக்க வழியில்லாத வீட்டிலிருந்து வரும் குழந்தை, வாங்கிய கடனை எப்போது திருப்பித் தர வேண்டும் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? சிரிப்பதற்குரிய கேள்வியன்று அது. பத்தைப் பிரித்து ஒன்றுகளாக்குகிறோம், கடன் எதுவும் வாங்கவில்லை என்ற விளக்கத்தை நோக்கி அக்கேள்விதான் வகுப்பை இட்டுச் செல்லும்.

நம் பிள்ளைகளுக்கு முதலில் அடிப்படை வரட்டும், வாய்ப்பாடு வரட்டும், சிந்தனையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நல்லெண்ணம் கொண்டவர்களும் சொல்வதுண்டு. வாய்ப்பாட்டை நாம் பழிக்கவில்லை. ஏழெட்டு ஐம்பத்தாறு என்று நாவில் நிற்பது பெரிய உதவி. ஆனால் இந்த 'முதலில்' ஐந்தாம் வகுப்பு வரை முடிவதேயில்லை. வசதியுள்ளோரின் பள்ளிகளில் புதிர்களும் செயல்திட்டங்களும் வளர, ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் பயிற்சித்தாள் மட்டும் வளர்கிறது. ஒருவருக்குச் சிந்தனை, மற்றவருக்கு மனப்பாடம் என்ற இப்பங்கீடு நமக்கு மிகப் பழக்கமானதாகவே தோன்ற வேண்டும்.

மேலும், அடிப்படை இல்லை என்று சொல்லப்படும் குழந்தைகளிடம் அது உண்மையிலேயே இல்லையா? பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரில், சந்தையில் பொருள் விற்ற ஐந்து சிறுவர் சிறுமியரை ஆய்வாளர்கள் கவனித்து 1985இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். வாடிக்கையாளர்போல் கேட்ட கணக்குகளில் 98 விழுக்காட்டுக்கு அவர்கள் சரியான விடை தந்தனர். அதே வகைக் கணக்குகளை வெறும் எண்களாகத் தாளில் தந்தபோது அது 37 விழுக்காடாக இறங்கியது. 12 வயதுச் சிறுவன் ஒருவன், ஒரு தேங்காய் 35 என்றால் நான்கு தேங்காய்க்கு எவ்வளவு என்பதை, மூன்றுக்கு 105, அதோடு 30, அப்புறம் மீதி ஐந்து என்று வாய்க்கணக்காகவே 140 எனச் சொன்னான். தாளில் 35ஐ 4ஆல் பெருக்கச் சொன்னபோது 200 என்று எழுதினான். நாலைந்து இருபது, கையில் இரண்டு. அந்த இரண்டை மூன்றோடு கூட்டி ஐந்தாக்கி, பிறகு நான்கால் பெருக்கிவிட்டான். விதியின் சடங்கு நினைவிருந்தது. அவனுடைய சொந்த அறிவை அச்சடங்கு பக்கத்திலேயே வரவிடவில்லை.

நம் நாட்டிலும், கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் நடத்திய ஆய்வு 2025இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. சந்தைக் குழந்தைகள் பள்ளிக் கணக்கில் தடுமாறினர். பள்ளிக் குழந்தைகளோ சந்தைக் கணக்கில் தடுமாறினர். இரண்டு அறிவுகளும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. அவை சந்திக்கக்கூடிய இடம் வகுப்பறைப் பேச்சுதான். காய்கறி வண்டி, செங்கல் சூளை, பூக்கட்டு, அறுப்புக்கூலி ஆகியவற்றிலிருந்து வரும் குழந்தை 'எங்க வீட்டில் இப்படித்தான் கணக்குப் பார்ப்போம்' என்று சொல்ல ஒரு இடம் வேண்டும். அதைச் சொல்ல விடாமல், முழு வாக்கியத்தில் பேசு, திருத்தமாகப் பேசு, உன் தெருப் பேச்சை இங்கே கொண்டுவராதே என்று வாயை அடைக்கும் வகுப்பில் கணக்கும் சேர்ந்தே அடைபட்டுவிடுகிறது.

கணக்குக் கேட்பது இந்த மண்ணில் எவ்வளவு ஆபத்தான செயலாக இருந்தது என்பது நமக்குத் தெரியும். படியும் மரக்காலும் நிலவுடைமையாளரின் கையில் இருந்தன. கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாகவே 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். நூறுநாள் வேலையில் தோண்டிய குழியின் நீளம், அகலம், ஆழத்தை அளந்து கூலி குறைக்கப்பட்டபோது, 'எப்படிக் கணக்கிட்டீர்கள்?' என்று கேட்க முடிந்தவர்கள் சிலரே. விடையை ஏற்றுக்கொள்ளப் பழக்கப்பட்டவர்களுக்கும், வழியைக் கேட்கப் பழக்கப்பட்டவர்களுக்கும் இடையிலான வேறுபாடு மூன்றாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் இயக்கத்தில் இத்தொடர்பை வெளிப்படையாகச் சொன்னவர் பாப் மோசஸ். 1960களின் தொடக்கத்தில் மிசிசிப்பியில் கறுப்பினக் குத்தகை விவசாயிகளை வாக்காளர்களாகப் பதிவு செய்யும் பணியில் அடிபட்டவர். 1982இல் அல்ஜீப்ரா திட்டத்தைத் தொடங்கினார். வாக்குரிமை மறுக்கப்பட்டது போலவே இன்று கணித அறிவு மறுக்கப்படுகிறது, எனவே அது குடியுரிமைப் பிரச்சினை என்பது அவர் வாதம். அவருடைய வகுப்பு பயணத்தில் தொடங்கும். மாணவர்கள் நகர ரயிலில் சென்று வருவர். அதைப் படமாக வரைவர். தம் சொந்தப் பேச்சு மொழியில் விவரிப்பர். அப்பேச்சிலிருந்து எது முக்கியம் என்று பிரித்து ஒழுங்குபடுத்திச் சொல்வர். கடைசியில்தான் குறியீடுகள் வரும். மக்கள் தம் மொழியில் பேசுவது இங்கே நடுப்படியாக இருப்பதைக் கவனிக்க வேண்டும். மிசிசிப்பியின் கூட்டங்களில், அதுவரை பேசியிராதவர்கள் எழுந்து பேசியதிலிருந்து கற்றுக்கொண்டதையே அவர் வகுப்பறைக்குக் கொண்டுவந்தார்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. விவாதத்தைத் திறந்துவிட்டால் போதும், சமத்துவம் தானே வந்துவிடும் என்று எண்ணுவது பேதைமை. 'யாருக்குத் தெரியும்?' என்று கேட்டால், ஏற்கெனவே பேசப் பழகியவர்களின் கைகளே உயரும். உத்தரப்பிரதேசத்தில் ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவர்களைக் கொண்டு கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் நடத்திய சோதனை 2006இல் வெளியானது. மாணவர்களுக்கு வழிகண்டுபிடிக்கும் புதிர்கள் தரப்பட்டன. சாதியைச் சொல்லாதபோது தாழ்த்தப்பட்ட சாதி மாணவர்களும் உயர்சாதி மாணவர்களும் ஏறத்தாழ ஒரே அளவு புதிர்களை விடுவித்தனர். ஒவ்வொருவரின் பெயரையும் சாதியையும் எல்லோர் முன்னும் அறிவித்த பிறகு, தாழ்த்தப்பட்ட சாதி மாணவர்கள் விடுவித்த எண்ணிக்கை குறிப்பிடத்தக்க அளவு சரிந்தது. திறமை அதேதான், அறைதான் மாறியது. உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் உரக்கப் படித்துச் சிலரை எழுந்து நிற்கச் சொல்லிவிட்டு, அடுத்த பாடவேளையில் அதே குழந்தைகள் கணக்கு விவாதத்தில் துணிந்து பேச வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

எனவே விவாதத்தின் வடிவம் முக்கியம். கை உயர்த்துவோரை மட்டும் அழைக்காமல், முதலில் எல்லோரும் தனியே யோசிக்க இரண்டு நிமிடம் அமைதி. பிறகு பக்கத்தில் இருப்பவரோடு பேச்சு. அதன்பின் சீட்டுக் குலுக்கியோ பதிவேட்டு வரிசையிலோ அழைப்பு. அந்தப் 'பக்கத்தில் இருப்பவர்' யார் என்பதும் சாதாரணச் செய்தியன்று. நாங்குநேரியில் 2023இல் பட்டியல் சாதி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்ட பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, மாணவர்களை அகர வரிசைப்படி அமரவைக்கப் பரிந்துரைத்தது. வன்முறையைத் தடுப்பதற்கான பரிந்துரையாகவே அதைப் பேசினோம். இரு குழந்தைகள் ஒரே கணக்கைப் பற்றித் தலைசேர்த்துப் பேசுவதற்கான பரிந்துரையும் அதுவே. தமிழ்நாட்டின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரிக்கப்படுகின்றனர். கற்பித்தல் வசதிக்கான பிரிவு அது. ஆனால் ஒரு தெருவின் குழந்தைகளே ஆண்டு முழுவதும் அரும்பில் தங்கிவிட்டால், வகுப்பறைக்குள் ஊரும் சேரியும் உருவாகிவிடும். நாளுக்கு ஒரு கணக்காவது எல்லா நிலையினரும் கலந்து பேசுவதாக இருக்க வேண்டும்.

இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைப் பார்க்கும் பள்ளியில் இதற்கு நேரமேது என்ற கேள்வி நியாயமானது. காலிப் பணியிடங்களை நிரப்பக் கோருவதும் இக்கோரிக்கையின் பகுதியே. ஆயினும் 52 கழித்தல் 27ஐப் பற்றிப் பேசப் பத்து நிமிடம் போதும். அமைதியான வகுப்பே நல்ல வகுப்பு என்று மதிப்பிடும் அலுவலர்களின் பார்வையை மாற்றுவதுதான் அதைவிடக் கடினம்.

இதைப் படிக்கும் கல்லூரி மாணவர்களில் பலர் தத்தம் குடியிருப்புகளில் மாலைநேரப் படிப்பகங்களை நடத்துகிறீர்கள். அங்கே நாளையே தொடங்கலாம். ஒரு கணக்கை எழுதுங்கள், விடை சொல்லாதீர்கள், தவறான விடையையும் சரியானதைப் போலவே அக்கறையோடு விசாரியுங்கள். ஒரு நோட்டில் குழந்தைகளின் பெயர்களை எழுதி, 'எப்படிச் செய்தாய்?' என்று யாரிடம் கேட்டீர்களோ அவர் பெயருக்கு நேரே ஒரு கோடு போடுங்கள். வாரக் கடைசியில் அந்தப் பக்கத்தைப் பாருங்கள். பெண் குழந்தைகளின் பெயர்களுக்கு நேரே எத்தனை கோடுகள் இருக்கின்றன, கடைசி வரிசையில் அமரும் அருந்ததியர் வீட்டுக் குழந்தையின் பெயருக்கு நேரே ஒன்றாவது இருக்கிறதா என்று எண்ணுங்கள். திங்கட்கிழமை அந்தப் பெயரிலிருந்து தொடங்குங்கள்.