உடனே தெரியும் பிழை

ஆரணியின் பட்டுத்தறி ஓசையைக் கேட்டே வளர்ந்தவன் நான். நெசவாளர் நாடாவை ஓட்டுகிறார். ஊடை இழை ஒன்று பாவில் படிகிறது. அவர் கண் உடனே அதன்மேல் செல்கிறது. பிழை இருப்பின் அந்த ஓரிழையை எடுத்துவிட்டால் போதும். ஒரு சாண் நெய்த பின்னர்க் கண்டால் அத்தனையையும் பிரிக்க வேண்டும். கணினிக்கு நிரல் எழுதுவோர்க்கும் இதுவே முதற்பாடம்.

இவ்விரு தொழிலுக்கும் உள்ள உறவு பழையது. 1804ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு ஜக்கார்டு, துளையிட்ட அட்டைகளால் தறியில் பூவேலை செய்யும் பொறியை அமைத்தார். எந்தப் பாவிழை உயர வேண்டும் என்பதை அட்டையே சொல்லும். பின்னர்ச் சார்லஸ் பாபேஜ் தாம் வகுத்த கணக்குப் பொறிக்கும் அத்தகைய அட்டைகளையே மேற்கொண்டார்.

ஆனால் தறியின் உடனடிப் பயன் கணினிக்கு நெடுநாள் வாய்க்கவில்லை. 1950களில் நிரலாளர்கள் அட்டைக் கட்டைக் கணினி அறையில் கொடுத்துவிட்டு, விடைக்குப் பல மணி நேரம், சிலபோது மறுநாள் வரை காத்திருந்தனர். ஒரு குறி பிழைத்தாலும் மீண்டும் காத்திருப்புத்தான். 1964இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கெமனி, கர்ட்ஸ் என்னும் பேராசிரியர்கள், மாணவர் பலர் ஒரே கணினியோடு நேரே உரையாடும் முறையையும், பேசிக் என்னும் எளிய மொழியையும் அமைத்தனர். காத்திருப்புக் குறைந்தது, கற்றல் பெருகியது.

இன்று விடை நொடியில் வருகிறது. எனினும் அதனைப் பயன்படுத்தாதார் பலர். என்னிடம் பயின்ற நெசவாளர் ஒருவரின் மகள், சேலைக்கு வேண்டும் பட்டு நூலைக் கணக்கிட நிரல் எழுதினாள். அதை நம்பித் தந்தை நூல் வாங்க இருந்தார். இருநூறு வரிகளை எழுதிய பிறகே இயக்கிப் பார்த்தாள். விடை தவறு. "ஐயா, பிழை எங்கே என்றே தெரியவில்லை" என்றாள்.

நிரற்கலையை நான் அவளிடமே கற்றேன். கற்பிக்கும் முறையை மட்டும் அவளுக்குச் சொன்னேன். முதலில், விடை நமக்கே தெரிந்த சிறு கணக்கொன்றை வைத்துக்கொள். பூவேலைக்கு 240 அட்டை. அட்டைக்கு ஓர் ஊடை இழை. அது 10 முறை சுற்றினால் 2,400 இழை. அடுத்து, சில வரிகளே எழுது. எழுதியதைச் சேமித்தவுடன் அச்சோதனை தானாகவே ஓடட்டும்; நிரலும் விடையும் திரையில் அருகருகே நிற்கட்டும். சரியான ஒவ்வொரு நிலையையும் படியெடுத்து வை. வழி தவறினால் அங்கே திரும்பலாம்.

அவ்வாறே செய்தாள். நிரல் 2,160 என்றது. ஒரு சுற்று விடுபட்டது என்பது அக்கணமே விளங்கிற்று. நூல் குறையாமல் தந்தை தப்பினார்.

விரைவான விடை சிந்தனைக்கு மாற்றாகாது. எங்கே சிந்திக்க வேண்டும் என்பதைக் காட்டும், அவ்வளவே.

இதைச் சொல்லும்போது என் மனம் உறுத்துகிறது. கட்டுரை ஏடுகளைத் திருத்தி, இரு வாரம் கழித்துத் திருப்பித் தந்த நாட்கள் எனக்கும் உண்டு. மாணவன் மதிப்பெண்ணைப் பார்த்தான், பிழையைப் பார்க்கவில்லை. எழுதிய நினைவே அவனுக்கு அகன்றிருந்தது. குற்றம் அவனுடையதன்று.