ஆரப்பாளையத்துல இருந்து கேலரி வரைக்கும்: நண்பர்களோட மேட்ச் பார்க்கப் போறது எப்படி?

டிவியில, மொபைல்ல மேட்ச் பார்க்கிறது நமக்குப் பழகிப்போன விஷயம். ஆனா ஒரு கூட்டமா கிளம்பி, கேலரியில உட்கார்ந்து பார்க்கிறது? அதைப் பத்திதான் இந்த எபிசோடு.

முதல்ல மதுரையோட கதை. 2016-ல தமிழ்நாடு பிரீமியர் லீக், அதாவது டிஎன்பிஎல் ஆரம்பிச்சப்போ மதுரை பேர்லயும் ஒரு அணி வந்துச்சு. ஆனா மேட்ச் நடந்த மைதானங்கள் மூணு: சென்னை சேப்பாக்கம், திருநெல்வேலி, திண்டுக்கல் மாவட்டம் நத்தம். 2018-ல மதுரை பாந்தர்ஸ் கோப்பையே ஜெயிச்சாங்க. இறுதிப் போட்டியில தோத்தது பக்கத்து ஊரு திண்டுக்கல். ஆடினது எங்கே? சேப்பாக்கத்துல. நம்ம ஊர்ப் பேரு கோப்பை வாங்கினதை நம்ம ஊர்க்காரங்க பெரும்பாலும் டிவியிலதான் பார்த்தாங்க.

சரி, பக்கத்துல இருக்கிற நத்தத்துக்குப் போகலாம்னு வைங்க. மைதானம் நத்தம்–திண்டுக்கல் ரோட்டுல இருக்கு. ஆரப்பாளையம் ஸ்டாண்டுல திண்டுக்கல் பஸ் ஏறி, அங்க மாறி நத்தம் பக்கம் வரலாம். பைக்னா நத்தம் ரோடு மேம்பாலம் வழியா நேரா போயிடலாம். போறது பிரச்சினையே இல்ல. ராத்திரி மேட்ச் ஏழு மணிக்கு மேல ஆரம்பிச்சா, முடிய பத்தரை, பதினொண்ணு ஆயிடும். அப்புறம் வீடு திரும்பணும்.

இங்கதான் செட்டு உடையுது. வாட்ஸ்அப் குரூப்ல பத்துப் பேர் "வர்றேன் பங்காளி"ன்னு சொல்லியிருப்பாங்க. பைக் இல்லாதவன், மறுநாள் காலை ஷிஃப்ட் இருக்கிறவன், ராத்திரி வெளிய போக வீட்ல விடாத தோழிகள், இவங்க ஒவ்வொருத்தரா கழண்டுக்குவாங்க. கடைசியில நாலு பசங்க மட்டும் போவாங்க. மைதானம் தூரத்துல இருந்தா யாரெல்லாம் ரசிகரா இருக்க முடியும்ங்கிறதையே அந்தத் தூரம் முடிவு பண்ணிடுது. டிக்கெட் விலையை விட இது பெரிய தடை.

அதனால திட்டத்தைத் திரும்பி வர்றதுல இருந்து ஆரம்பிங்க. பத்துப் பேர்னா ஒரு வேன் பேசி, டிக்கெட்டோட சேர்த்துக் காசை முன்னாடியே வசூல் பண்ணிடுங்க. டிக்கெட்டை ஒரே ஆள் ஒரே தடவையில எடுக்கணும். ஆளுக்கொண்ணா எடுத்தா ஸ்டாண்டு மாறிடும், அப்புறம் உள்ள போய் ஒருத்தரை ஒருத்தர் தேடிக்கிட்டே இருக்கணும். கூட்டத்துல நெட்வொர்க் பல நேரம் படுத்துக்கும். அதனால டிக்கெட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க, எந்த கேட்டுல நிக்கணும்னு வெளியவே பேசிக்கோங்க. தண்ணி பாட்டில், பவர் பேங்க், பெரிய பை இதையெல்லாம் பெரிய மைதானங்கள்ல வாசல்லயே வாங்கி வச்சுக்குவாங்க. சார்ஜ் முழுசா போட்டுட்டுக் கிளம்புங்க.

எங்கே உட்கார்றது? பவுலர் கைக்குப் பின்னாடி, நேர்கோட்டுல உட்கார்ந்தா பந்து ஸ்விங் ஆகிறதும் திரும்புறதும் தெரியும். பக்கவாட்டுல உட்கார்ந்தா பந்து எந்த லெங்த்ல விழுது, எவ்வளவு வேகமா போகுதுன்னு புரியும், ரன் அவுட்டும் நல்லா தெரியும். இன்னொண்ணும் கவனிங்க. பேட்ல பந்து பட்டதைக் கண் முதல்ல பார்க்கும், சத்தம் அப்புறம்தான் வரும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகுது. 100 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தா கிட்டத்தட்ட 0.3 நொடி தாமதம்.

டிவி நமக்குப் பந்தைக் காட்டும். நேர்ல மொத்த ஃபீல்டும் கண் முன்னாடி இருக்கும். கேப்டன் டீப் மிட் விக்கெட்ல இருந்தவரை ரெண்டு அடி உள்ள இழுத்தா, அடுத்த பந்து என்னவா இருக்கும்னு பக்கத்துல இருக்கிறவன்கிட்ட பந்தயம் கட்டலாம், காசு இல்லாம, ஒரு ஜிகர்தண்டாவுக்கு.

அப்புறம், கூட்டம். 1999 ஜனவரி 31, சேப்பாக்கம், பாகிஸ்தானோட டெஸ்ட். 271 இலக்கு. முதுகுவலியோட ஆடின சச்சின் 136-ல அவுட் ஆனப்போ தேவைப்பட்டது 17 ரன்தான். மிச்ச விக்கெட்டெல்லாம் நாலு ரன்னுக்குள்ள போயி, இந்தியா 258-ல ஆல் அவுட், 12 ரன்ல தோல்வி. அந்தக் கூட்டம் எந்திரிச்சு நின்னு, மைதானத்தைச் சுத்தி வந்த பாகிஸ்தான் வீரர்களுக்குக் கைதட்டுச்சு. இன்னிக்கு வரைக்கும் சேப்பாக்கம் ரசிகர்களைப் பத்திப் பேச்சு வந்தா அந்த நாளைத்தான் முதல்ல சொல்றாங்க. அன்னிக்குக் கைதட்டினவங்களும் உங்களை மாதிரி நண்பர்களோட டிக்கெட் எடுத்து வந்தவங்கதான்.

இப்போ மதுரையிலயும் ஒரு மைதானம் இருக்கு. 2025 அக்டோபர் 9-ஆம் தேதி சிந்தாமணியில வேலம்மாள் கிரிக்கெட் ஸ்டேடியத்தை தோனி திறந்து வச்சார். ஆரப்பாளையத்துல இருந்து பார்த்தா ஊரோட அடுத்த கோடி, ஆனா ஊருக்குள்ளதான். அங்க ஒரு மேட்ச் அறிவிச்சா, குரூப்ல கழண்டுக்கிற அந்த ஆறு பேருக்கு முதல்ல மெசேஜ் போடுங்க. இந்தத் தடவை அவங்களால வர முடியும்.