இசை வீடியோவின் தோற்றமும் ஆரம்ப வளர்ச்சியும்: சில குறிப்புகள்

இசை வீடியோவின் வரலாற்றை எழுதுவோரிற் பலர் அதனை 1981 ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாந் திகதியிலிருந்து ஆரம்பிப்பர். அன்று நள்ளிரவு கழிந்து ஒரு நிமிடத்தில் ஐக்கிய அமெரிக்காவில் எம்.ரி.வி. என்னும் கேபிள் தொலைக்காட்சிச் சேவை தொடங்கியது. பக்கிள்ஸ் என்னும் பிரித்தானியக் குழுவினரின் பாடலொன்று முதலில் ஒளிபரப்பாகியது. நினைவிற்கொள்ள வசதியான தொடக்கந்தான். ஆயின், வணிக நிறுவனமொன்று தனது பிறந்தநாளைக் கலைவடிவமொன்றின் பிறந்தநாளாக விளம்பரஞ் செய்யும்போது அதனை அவ்வாறே ஏற்றுக்கொள்ள ஆய்வாளன் தயங்குதல் வேண்டும்.

இசை வீடியோ எனும்போது நாம் கருதுவது யாது? பாட்டு முன்னரே பண்டமாகிச் சந்தைக்கு வந்துவிடுகிறது. அப்பண்டத்தைப் பரப்பும்பொருட்டுக் காட்சி பின்னர் சேர்க்கப்படுகிறது. நமது திரைப்படப் பாடல் கதையொன்றின் உறுப்பாக அமைவது. அதுவும் இசைத்தட்டாக விற்கப்பட்டது என்பது வேறு விடயம். இவ்வரைவிலக்கணத்தின்படி நோக்குமிடத்து, கதை 1894 இல் நியூயோர்க்கிலே தொடங்குகின்றது. அப்பொழுது விற்பனைப் பண்டமாயிருந்தது அச்சிட்ட இசைத்தாள். எட்வேர்ட் மார்க்ஸ், ஜோசப் ஸ்ரேர்ன் என்னும் இசைப் பதிப்பாளர் இருவர், தமது பாடலொன்று மேடையிற் பாடப்பட்டபோது அதன் நிகழ்ச்சிகளைக் கண்ணாடித் தகடுகள் வாயிலாகத் திரையிற் காட்டச் செய்தனர். இம்முறை விரைவிற் பரவியது. 1930களின் தொடக்கத்தில் பேர்ளினில் ஒஸ்கார் ஃபிஷிங்கர் இசைத்தட்டுகளுக்கு இயைய வரைந்த அருவ அசைபடங்களிற் சில அவ்விசைத்தட்டுகளுக்கே விளம்பரமாயும் பயன்பட்டன.

எனினும் இவ்வடிவத்தின் இயல்பை முதன்முதலிற் தெளிவாக வெளிப்படுத்தியது 1940 இல் வெளிவந்த ‘பனோரம்’ என்னும் இயந்திரமே. சிக்காகோவின் மில்ஸ் நொவல்ற்றி கொம்பனி இதனை உற்பத்தி செய்தது. மதுச்சாலைகளிலும் உணவகங்களிலும் நிறுத்தப்பட்ட பெரிய மரப்பெட்டி அது. உள்ளே 16 மில்லிமீற்றர் படக்கருவியொன்று கண்ணாடிகளின் உதவியுடன் பின்புறமிருந்து திரைமீது ஒளியைப் பாய்ச்சும். பத்துச் சத நாணயமிட்டால் மூன்று நிமிடப் பாடலொன்று ஓடும். ‘சவுண்டீஸ்’ எனப்பட்ட இப்படங்கள் எட்டு, ஒரே சுருளில் இணைக்கப்பட்டிருந்தன. விரும்பிய பாடலைத் தெரிவுசெய்யும் வசதி இல்லை. அடுத்து எது வருமோ அதனையே பார்த்தல் வேண்டும். ஐந்தாவது பாடலை விரும்பியவர் முன்னுள்ள நான்குக்கும் நாணயம் போட்டாக வேண்டியிருந்தது. நுகர்வோனின் ‘சுதந்திரத் தெரிவு’ பற்றி முதலாளித்துவம் பேசுவதை அறிந்த நமக்கு இது சற்று நகைப்பையும் தருகின்றது.

1947 இல் உற்பத்தி நிற்கும்வரை சுமார் 1,800 சவுண்டீஸ் தயாரிக்கப்பட்டன. பாட்டை முன்னதாகப் பதிவுசெய்து, பின்னர் நடிகர் வாயசைக்கப் படம்பிடிக்கும் முறையே இங்கும் கையாளப்பட்டது. இவற்றுள் 300க்கும் மேற்பட்டவை கறுப்பினக் கலைஞர் தோன்றியவை. டியூக் எலிங்ரன், லூயிஸ் ஜோர்டன், டொறதி டான்ட்றிட்ஜ் ஆகியோரை அவற்றிற் காணலாம். காடு, பருத்தித் தோட்டம் முதலான இழிவான வார்ப்புகளுக்குள் அவர்கள் அடைக்கப்பட்டமை உண்மை. ஆயினும் ஹொலிவூட் படங்களில் வேலைக்காரராயும் கோமாளிகளாயும் ஒதுக்கப்பட்டவர்கள் இங்கே மூன்று நிமிடமாவது நாயகராக நின்றனர். பண்பாட்டுப் பண்டங்களை வெறும் ஏமாற்று எனத் தள்ளிவிடும் நம்மவர் சிலர் இம்முரண்பாட்டைக் கவனித்தல் நன்று. யுத்தகாலப் பொருட் கட்டுப்பாடு இயந்திர உற்பத்தியைத் தடைசெய்தது. 1942 இல் தொடங்கிய இசைக்கலைஞர் சங்கத்தின் ஒலிப்பதிவு வேலைநிறுத்தமும் நெருக்கடியை மிகுவித்தது. யுத்தத்தின்பின் தொலைக்காட்சி வந்தது.

இதேபோன்ற இன்னொரு முரண்பாடு பிரான்சிலும் தோன்றியது. 1960 இல் அங்கு வெளிவந்த ‘ஸ்கொப்பிரோன்’ வர்ணப்படங்களைக் காட்டியது. 36 பாடல்களுள் வேண்டியதைத் தெரிவுசெய்யவும் இடமளித்தது. பிரெஞ்சு இளைஞரின் மோகம் தணிந்த பின்னரும் அவ்வியந்திரம் அல்ஜீரியா முதலிய வட ஆபிரிக்க நாடுகளிலிருந்து சென்ற தொழிலாளர் கூடும் சிற்றுண்டிச்சாலைகளில் நிலைத்தது. சலா சதாவி, சிலிமான் அசெம் போன்றோரின் அரபு, கபைல் மொழிப் பாடல்கள் அதற்கெனவே படமாக்கப்பட்டன. பிரெஞ்சுத் தொலைக்காட்சி அரிதாகவே இடமளித்த புலம்பெயர் தொழிலாளன் தன் மொழியையும் முகத்தையும் நாணயம் போட்டுப் பார்த்தான். இசை வீடியோ வரலாற்றிலே நாம் மிகுந்த மதிப்புடன் நோக்கும் பகுதி இதுவேயாகும்.

பிரித்தானிய வளர்ச்சியைச் சுருக்கமாகவே கூறலாம். எல்லா நாடுகளின் கலையகங்களுக்கும் நேரிற் செல்லவியலாத பீற்றில்ஸ் குழுவினர் 1966 இல் மைக்கல் லின்ட்சி-ஹொக்கைக் கொண்டு படங்கள் தயாரித்து அனுப்பினர். 1975 இல் குயீன் குழுவினரின் ‘பொஹீமியன் றப்சொடி’க்கு புறூஸ் கவர்ஸ் சில மணித்தியாலங்களில் எடுத்த வீடியோவின் செலவு ஏறத்தாழ 4,500 பவுண் மட்டுமே. பாடல் ஒன்பது வாரம் முதலிடத்தில் நின்றது. வியாபாரிகள் கணக்கைப் புரிந்துகொண்டனர்.

1979 இல் அமெரிக்க இசைத்தட்டு விற்பனை வீழ்ச்சியுற்றது. அதே காலத்தில் வோர்னர், அமெரிக்கன் எக்ஸ்பிறஸ் ஆகிய இரு பெருநிறுவனங்களின் கூட்டு முயற்சி கேபிள் தொலைக்காட்சியில் இறங்கியது. அதன் வழிவந்த எம்.ரி.வி.யின் பொருளியல் எளிமையானது: நாள் முழுவதும் ஒளிபரப்புவதற்கான படங்களை இசைத்தட்டுக் கொம்பனிகள் இலவசமாக வழங்கின, சேவை விளம்பர நேரத்தை விற்றது. கொம்பனிகளோ வீடியோச் செலவில் ஒரு பகுதியைப் பாடகரின் உரிமைத்தொகையிலிருந்து கழித்துக்கொள்வது வழக்கமாயிற்று. தன் உழைப்பின் விளம்பரத்துக்குத் தானே கட்டணஞ் செலுத்துபவனாகக் கலைஞன் ஆனான்.

நிறப் பாகுபாடும் புதிய உருவில் வந்தது. தமது சேவை ‘ரொக்’ இசைக்குரியது என்ற நியாயத்தைக் கூறி எம்.ரி.வி.யினர் கறுப்பினக் கலைஞரைப் பெரும்பாலும் தவிர்த்தனர். றிக் ஜேம்ஸ் இதனை வெளிப்படையாகக் கண்டித்தார். 1983 இல் டேவிட் போவி அச்சேவையின் நேர்காணலிலேயே இக்கேள்வியை எழுப்பினார். அவ்வாண்டு மார்ச் மாதத்தில் மைக்கல் ஜக்சனின் ‘பில்லி ஜீன்’ ஒளிபரப்பாகத் தொடங்கியது. சி.பி.எஸ். கொம்பனி தன் படங்கள் அனைத்தையும் மீளப்பெறுவதாக மிரட்டியது என்பர், எம்.ரி.வி. தரப்பினர் இதனை மறுத்தனர். எவ்வாறாயினும், கண்டனங்கள் திறவாத கதவைச் சந்தையில் முன்னணியில் நின்ற இசைத்தட்டொன்று திறந்தது. டிசம்பரில் ஜோன் லாண்டிஸ் இயக்கிய 14 நிமிட ‘திரில்லர்’ வெளிவந்தது. அது தயாரான விதத்தைக் காட்டும் படம் வீடியோ நாடாவாகத் தனியே விற்கப்பட்டது. விளம்பரம் தானே பண்டமாயிற்று. அடுத்த ஆண்டிலே எம்.ரி.வி. பெருங் கொம்பனிகள் சிலவற்றுக்குப் பணங்கொடுத்துத் தனியுரிமை பெறத் தொடங்கியது.

இப்படங்களை ஆக்கிய இயக்குநர்களின் பெயர்களோ திரையிற் தோன்றவில்லை. பாடல், பாடகர், இசைத்தட்டு, கொம்பனி ஆகிய நான்குமே எழுத்தில் வந்தன. இயக்குநரின் பெயரை எம்.ரி.வி. சேர்த்துக்கொண்டது 1992 இன் இறுதியிலேதான்.