'பர்பர்' என்று கேட்ட காது

கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தில், 14ஆம் அதிகாரம் 11ஆம் வசனத்தில், 'பார்பரோஸ்' என்ற கிரேக்கச் சொல் இரண்டு முறை வருகிறது. தமிழ் வேதாகமம் அதை 'அந்நியன்' என்கிறது. ஆங்கிலத்துக்குப் போய் 'பார்பேரியன்' ஆகி, காட்டுமிராண்டி என்ற பொருளைச் சுமந்ததும் இதே சொல்தான்.

பிறந்தபோது அதில் காடும் இல்லை, கொடுமையும் இல்லை. வெறும் ஓசைதான் இருந்தது. புரியாத மொழி கிரேக்கர் காதில் 'பர்பர்' என்று விழுந்தது, அப்படிப் பேசுகிறவன் பார்பரோஸ் ஆனான். நம்முடைய சளசள, தொணதொண மாதிரியான ஓர் இரட்டைக்கிளவி ஆள்பெயராகிவிட்டது. புவியியல் எழுதிய ஸ்ட்ராபோவே இந்த விளக்கத்தைத் தருகிறார். இலியட் காவியத்தில் காரியர் என்ற இனத்தாருக்கு இந்தச் சொல்லடியாக வந்த அடைமொழி உண்டு. அங்கே பேசப்படுவது அவர்கள் பேச்சு மட்டுமே.

இகழ்ச்சி பிறகு வந்தது. பாரசீகப் படையெடுப்புகளுக்குப் பின் கிரேக்கரின் மனத்தில் உலகம் இரண்டாகப் பிளந்தது. கி.மு. 472இல் மேடையேறிய, கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலசின் நாடகத்தில், பாரசீகத் தூதனே தன் சொந்தப் படையை 'பார்பரோஸ்' என்று சொல்லிப் புலம்புகிறான்! ஆனாலும் பழைய பொருள் சாகவில்லை. எகிப்தியரும் தம் மொழி பேசாத எல்லோரையும் அந்நியராகவே எண்ணுகிறார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதினார். 114ஆம் சங்கீதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்த யூத அறிஞர்களோ, புரியாத மொழிக்காரர் என்று எபிரெயம் சொல்லும் அதே எகிப்தியருக்கு 'பார்பரோஸ்' என்ற சொல்லையே இட்டார்கள்.

பவுல் கைவைத்தது இந்தப் பழைய பொருளில். கொரிந்து இரண்டு துறைமுகங்களுக்கு நடுவே இருந்த ரோமானியக் குடியேற்ற நகரம். கல்வெட்டில் லத்தீன், தெருவில் கிரேக்கம், சரக்கோடு வந்து இறங்கும் மொழிகளுக்குக் கணக்கில்லை. அங்கே சபை கூடும்போது சிலர் யாருக்கும் விளங்காத பாஷைகளில் பேசினார்கள். உன் பேச்சு எனக்குப் புரியாவிட்டால் உனக்கு நான் பார்பரோஸ், எனக்கு நீ பார்பரோஸ் என்பது பவுலின் வாதம். கிரேக்கர் எப்போதும் அடுத்தவன் மேல் ஒட்டிவந்த பெயரை அவர் இருபக்கமும் ஒட்டிவிட்டார். குறை பேசுகிறவன் நாக்கில் மட்டும் இல்லை, கேட்கிறவன் காதிலும் இருக்கிறது.

இன்றைய அறிவியலும் காதைத்தான் காட்டுகிறது. பேச்சில் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே பெரும்பாலும் இடைவெளியே கிடையாது. ஒலிப்பதிவை அலையாக வரைந்து பாருங்கள், சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடும். எங்கே வெட்ட வேண்டும் என்று மொழி தெரிந்த மூளைதான் முடிவு செய்கிறது. தெரியாத மொழி வேகமாகவும் குழறலாகவும் கேட்பதற்கு இதுவே காரணம். ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற கனடிய உளவியலாளர்கள் 1984இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்பானது. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியிலுள்ள 'த', 'ட' ஒலிகளை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் வித்தியாசத்தைக் கண்டுகொண்டார்கள். பத்து, பன்னிரண்டு மாதத்துக்குள் அந்தத் திறன் பெரும்பாலும் மங்கிவிட்டது. நமக்குப் பட்டப்பகலாகத் தெரியும் வேறுபாடு, முதல் பிறந்தநாளுக்குள் அவர்கள் காதை விட்டுப் போய்விடுகிறது.

அப்போஸ்தலர் நடபடிகள் 28ஆம் அதிகாரத்தில், கப்பல் உடைந்து மால்டா தீவில் கரையேறிய பவுலுக்கும் உடனிருந்தவர்களுக்கும் அத்தீவு மக்கள் மழையிலும் குளிரிலும் நெருப்பு மூட்டி உபசரிக்கிறார்கள். அவர்களையும் மூலம் பார்பரோஸ் என்றே சொல்கிறது. 1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமம் இங்கே அநாகரிக மக்கள் என்று தொனிக்கும்படி எழுதியது அநியாயம். தமிழின் 'அந்நியர்' எவ்வளவோ மேல். அந்தத் தீவில் வழங்கியது பூனிக், அதாவது பினீசிய மொழியின் கிளை. பினீசிய எழுத்தைப் படிக்க 1758இல் பிரெஞ்சு அறிஞர் பார்தெலெமிக்கு வழி திறந்ததும், மால்டாவில் கிடைத்த, பினீசியமும் கிரேக்கமும் பொறித்த ஒரு கல்வெட்டுதான். கிரேக்கர் தங்கள் எழுத்துகளைக் கற்றுக்கொண்டதும் பினீசியரிடமிருந்தே. 'பார்பரோஸ்' என்று எழுதத் தொடங்கும் 'பீட்டா' என்ற எழுத்து, பினீசியரின் 'பேத்'.